விழித்திரையின் சுவரை யார் கட்டியது?

1

உலகோர் கவனத்திற்கு: மனிதகுலம் இதுவரை கதையாக்கத் தவறிய மாபெரும் கேள்வி இதோ. வளரும் கண்ணில், விழித்திரையின் உள்பக்கச் சுவருக்கான புரதங்களை யார் தயாரிக்கிறார்கள்? (எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தே படிக்கலாம்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஆய்வகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நல்ல கணவன் தண்ணீர் கொடுப்பான். நானும் கொடுத்தேன், கொடுக்கும்போதே முதல் வரியை யோசித்தேன்.

முதல் தொடக்கம்: "விழித்திரை என்பது ஒளியின் கருவறை, அங்கே காலமே..." வேண்டாம். குமட்டுகிறது.

இரண்டாம் தொடக்கம்: அவளுடைய வேலை கோழிக்கருவின் கண்ணில். கொலாஜன், லாமினின் போன்ற புரதங்கள் சேர்ந்து விழித்திரையின்மேல் மெல்லிய சுவராகின்றன. அதை ஒட்டித்தான் இளம் நரம்பிழைகள் வழி தேடிப் போகின்றன. விழித்திரை தன் சுவரைத் தானே கட்டிக்கொள்கிறது என்று ஆய்வகத் தலைவர் மேடைதோறும் முழங்கிவிட்டார். அதை நிரூபிக்கத்தான் இவளை வேலைக்கு வைத்திருக்கிறார். சாயம் போட்டுப் பார்த்தால் சுவர் ஜொலிக்கிறது. ஆனால் எந்தச் செல் புரதம் தயாரிக்கிறது என்று காட்டும் இன்னொரு சாயத்தில், விழித்திரை கும்மிருட்டு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைக் காட்டினால் வேலை போகும்.

2

தலைவரை வில்லனாக்கினேன். மீசைகூட வைத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, அவர் பாவங்க. தன் பேச்சைத் தானே நம்பற ஆளு."

"அப்ப யாருதான் வில்லன்?"

"என் கைதான். எங்கயோ சொதப்பிட்டேன்."

"சரி, கண்ணை எப்படி அறுப்பே? ஒரு பத்தி எழுதணும்."

"பொண்டாட்டி அழறா, உங்களுக்குப் பத்தி கேக்குது!" மூக்கை உறிஞ்சினாள். "திறப்போம். லென்ஸையும் அதைச் சுத்தியிருக்கிற வளையத்தையும் எடுத்துக் குப்பையில போடுவோம். இடைஞ்சல். அப்புறம் விழித்திரையை மட்டும் சுத்தமா..."

வாக்கியம் அங்கேயே நின்றது. (என் உத்தியன்று. அவள்தான் நிறுத்தினாள்.)

மறுநாள் எதையும் எறியாமல் முழுக் கண்ணுக்கும் சாயமிட்டாள். லென்ஸும் வளையமும் விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தன. புரதங்களில் பெரும்பங்கு அங்கே தயாராகி, நடுவிலிருக்கும் கூழ் வழியாக மிதந்துபோய், விழித்திரையில் ஒட்டிச் சுவராகிறது. வருவதைப் பிடித்துக்கொள்வதுதான் விழித்திரையின் சாமர்த்தியம்.

"சுத்தம் பண்றேன்னு தினமும் பதிலைத்தான் குப்பையில போட்டிருக்கேங்க," என்று சிரித்தாள். கொஞ்சம் அழுதாள்.

இந்த இடத்தில் தாம்பத்தியம் பற்றி ஓர் உவமை எழுதியிருந்தேன்.

"லென்ஸ் நானா?" என்றாள்.

"கூழ்."

அவள் என்னை அடித்தாள். நான் உவமையை அடித்தேன்.

3

முடிவு அ: தலைவர் எழுந்து கைதட்டுகிறார். (அவரை அறிந்தவர்கள் மன்னிக்கவும்.)

முடிவு ஆ: வேலை போகிறது. தலை நிமிர்ந்து, கொட்டும் மழையில் அவள்... மழை வேண்டாம். சளி பிடிக்கும்.

"என்ன ஆனாலும் அந்தப் படத்தைக் காட்டத்தான் போறேன்," என்றாள். "வேலை போச்சுன்னா உங்க எழுத்தை நம்பிச் சாப்பிடணும். அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை வாசலில் அவள் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். சரியாகிவிட்டதை மறுபடியும் சரிசெய்தேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு கணம் வைத்திருந்துவிட்டுப் படியிறங்கினாள். இரண்டு முடிவில் எது வேண்டுமோ, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவருக்குக் கண்வலி. கூட்டம் ரத்து.