யம லிங்கம் பதில் சொல்லவில்லை

பௌர்ணமியன்று மதியம் கரண்ட் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் செங்கம் ரோட்டு மாடி அறையில் இருந்த எட்டு மெஷின்களும் அணைந்து எழுந்ததோடு கவிநிலாவின் நிம்மதி போயிற்று.

எட்டும் யாரோ தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்கள். தனித்தனியாக எதற்கும் உதவாது. ஒரு பெரிய கணக்கை எட்டாக உடைத்து ஆளுக்கொரு பங்கு கொடுத்து, முடித்ததைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளச் செய்தால், குதிரை மாதிரி ஓடும். வேலையைப் பங்கு போடும் தலைமை மெஷினுக்கு மலை என்று பெயர். சுற்றியுள்ள எட்டுக்கும் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களின் பெயர்கள், இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை. எல்லாம் கவிநிலா வைத்ததுதான். சென்னையில் இதே வேலையைச் செய்துகொண்டு, விடுதிச் சாம்பாரைச் சபித்துக்கொண்டிருந்தவள், சொந்த ஊரிலேயே இதைச் செய்ய முடியும் என்று முதலாளி ராஜேந்திரனிடம் அடித்துப் பேசித் திரும்பி வந்திருந்தாள்.

பாதையில் கூட்டம் எங்கே சேர்கிறது, எந்த நிறுத்தத்துக்கு பஸ் அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அந்த எட்டின் வேலை. இன்று மாலை தனியார் பஸ் உரிமையாளர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள்.

"இன்னிக்கு ஓடலன்னா இந்த வேலைய பெங்களூர் கம்பெனிகாரங்க கிட்டயே குடுத்துட்டு இந்த ஆபீஸ மூடிடறேன்மா. என்னாலயும் எவ்ளோ நாள் தாங்க முடியும்" என்று ராஜேந்திரன் காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வருத்தமாகச் சொன்னார்.

கணக்கு முக்கால்வாசி ஓடி, அங்கேயே நின்றது. சின்னக் கணக்கு கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. பெரியது கொடுத்தால் ஓடிவந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மெமரி கம்மியோ என்று கூட்டிக் கொடுத்தாள். அசையவில்லை. கேபிள் கழன்றிருக்குமோ என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாகவே இருந்தன. கீழே ரோட்டில் கிரிவலக் கூட்டம் திரளத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுதால் கீபோர்டு தெரியாது என்பதால் அழவில்லை.

"எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணேன்" என்றார் ராஜேந்திரன். உலகத்தில் எல்லா முதலாளிகளுக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

"பண்ணா இதுவரைக்கும் முடிச்சதெல்லாம் போயிடும் சார். திரும்ப முதல்லேர்ந்து ஓட நேரமில்ல."

சின்னக் கணக்கு ஏன் ஓடுகிறது என்று யோசித்தாள். அது ஒரே மெஷினில் முடிந்துவிடும், பக்கத்து மெஷினோடு பேச வேண்டியதில்லை. அப்படியானால் பேச்சில்தான் கோளாறு. அவள் ஒவ்வொரு மெஷினின் முன்னும் உட்கார்ந்து, அடுத்ததைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தாள், கிரிவலம் போகிற வரிசையிலேயே. இந்திர லிங்கம் அக்னியைக் கூப்பிட்டது, பதில் வந்தது. அக்னி யமனைக் கூப்பிட்டது, அதற்கும் பதில் வந்தது. சுற்று முழுவதும் எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. பிறகு மலையிடம், உன்னிடமிருந்து வேலை பெற்றிருப்பவர்கள் யார் யார் என்று கேட்டாள். ஏழு பெயர் சரியாக இருந்தது. யம லிங்கம் மட்டும் தன் பெயரில் பதில் சொல்லவில்லை. அதன் இடத்தில், அவள் வாழ்நாளில் வைக்காத ஒரு பெயர் உட்கார்ந்திருந்தது. சூரிய லிங்கம்.

எழுந்து போய் மூன்றாவது மெஷினைப் பார்த்தாள். சந்தனமும் குங்குமமும் பளிச்சென்றிருந்தன. அதற்குக் கீழே சூரிய லிங்கம் என்று புது ஸ்டிக்கர்.

வயரிங், பேட்டரி, பூஜை மூன்றையும் கவனித்துக்கொள்ளும் பாலாஜி அப்போதுதான் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நாற்பது வயது மனிதர்.

"பாலாஜி அண்ணா, மூணாவது மெஷின இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. வெள்ளிக்கிழமை பூஜை போட்டேன்."

"வேற?"

அவர் டீயை வைத்தார். "பேர மட்டும் மாத்தினேன்மா. ரெண்டு தடவ அதுல டிஸ்க் செத்துப் போச்சு இல்ல? யமன் பேர வச்சிக்கினு எப்படி உசுரோட இருக்கும்? சூரிய லிங்கமும் நம்ம பாதையில தானே இருக்குது. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே உள்ள போய் மாத்தினேன்."

வெள்ளிக்கிழமை மாற்றிய பெயரை மெஷின் இன்று அணைந்து எழுந்தபோதுதான் சூட்டிக்கொண்டிருக்கிறது.

"மத்த மெஷினுங்களுக்கு சொன்னீங்களா?"

"அதுங்களுக்கு எதுக்குமா சொல்லணும்?"

கவிநிலாவுக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல் இருந்தது. கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. யமன் என்று கூப்பிட்டால் பழைய முகவரியில் அதே மெஷின்தான் பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவது மெஷின் தன் பங்கை எப்போதோ முடித்துவிட்டு, சூரிய லிங்கத்திடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறது. சூரிய லிங்கம் யாரென்றே தெரியாமல் மற்றவை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கின்றன.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். கவிநிலா எதையும் அணைக்கவில்லை. மலையிலும் மற்ற ஏழு மெஷின்களிலும், சூரிய லிங்கம் என்றால் யம லிங்கத்தின் அதே முகவரிதான் என்று ஒரு வரி சேர்த்தாள். கடைசி வரியைச் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, திரையில் மதியத்திலிருந்து செத்துக் கிடந்த சதவீத எண் மெல்ல நகர்ந்தது. பிறகு தடதடவென்று ஏறியது.

கணக்கு முடிந்தது. திரையில் இருந்த வரைபடத்தில், கூட்டம் சேரப்போகிற இடமாக அடி அண்ணாமலை நிறுத்தம் சிவப்பாக ஒளிர்ந்தது.

"அங்க இப்ப யாரும் இருக்க மாட்டாங்களே. கூட்டமெல்லாம் கோயில் பக்கம் இல்ல இருக்கும்" என்றார் பஸ்காரர்களில் மூத்தவரான காசி.

"இன்னும் அரை மணியில நெரம்பிடும்ங்க. பஸ்ஸ அனுப்பிப் பாருங்க" என்றாள் கவிநிலா.

காசி அரை மனதாக போன் போட்டு நான்கு பஸ்களைத் திருப்பிவிட்டார். எல்லோரும் டீ குடித்து முடித்து, வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். டிரைவரின் குரல், பின்னால் அரோகரா சத்தம்.

"அண்ணா, நாலும் ஃபுல்லு. இன்னும் ரெண்டு அனுப்புங்க, ஜனம் ஜாஸ்தியா இருக்குது."

காசி போனை வைத்துவிட்டுக் கவிநிலாவைப் பார்த்தார். அப்புறம் ராஜேந்திரனைப் பார்த்தார். "பெங்களூருக்கெல்லாம் எதுக்குங்க அலையறீங்க?"

ராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கவிநிலாவுக்கு இப்போது தாராளமாக அழுகை வந்தது, அவள் அதை மறைக்கவில்லை.

"தீபத்துக்குக் கூட்டம் எக்கச்சக்கமா வரும். எட்டு பத்தாது, இன்னும் எட்டு வாங்கிடலாம்மா" என்றார் ராஜேந்திரன். கதவருகே நின்ற பாலாஜியைத் திரும்பிப் பார்த்தார். "பூஜை நீயே போடு. பேரு கவிநிலா வைக்கும்."