சிமெண்ட் போடாத தோள்

கிளியம்மாளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது தோள் வலியைவிடப் பெரிது. பம்மலிலும் குரோம்பேட்டையிலும் முப்பது வருஷம் சிமெண்ட் பூசியவள் அவள். சித்தாளாக மணல் சுமக்க வந்து, ஆம்பளைக் கொத்தனார்கள் முறைக்க முறைக்கக் கரணையைக் கையில் வாங்கி, சீலிங் பூச்சு என்றாலே "கிளியக்காவைக் கூப்பிடு" என்று சொல்ல வைத்தவள். அண்ணாந்து பூசிப் பூசியே வலது தோள் மூட்டு தேய்ந்து போயிற்று. மூட்டை மாற்றி, கை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கினார்கள். சில பேருக்கு அதை எலும்போடு ஒட்ட சிமெண்ட் வைப்பார்களாம், இவளுக்கு ஒரு கரண்டிகூட வைக்கவில்லையாம்!

"பக்கத்து பெட்டு பொன்னியம்மாளுக்கு மட்டும் சிமெண்ட் வெச்சாங்களே, எனக்கு இன்னா கேடு?" என்று மகள் அனுப்பிரியாவிடம் பொருமினாள். "உள்ள சும்மா சொருகிக்கீது. தூக்கினா கயண்டுக்கும்."

பயம் பிடித்தால் பிடித்ததுதான். பயிற்சி கொடுக்கிற பெண் பிடித்துத் தூக்கினால் கை காது வரை போகும். தானாகத் தூக்கச் சொன்னால் மார்பு வரைதான். எட்டு மாசம் இப்படியே ஓடிற்று. கிளியக்காவுக்குக் கை போச்சு என்று ஏரியாவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மகளோடு பரிசோதனைக்குப் போன அன்று, ஆபரேஷன் செய்த டாக்டர் ஹெப்சி எக்ஸ்ரேயைக் காட்டினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில், டாக்டர் அறை இருந்த மாடி முழுக்கப் பூசியது கிளியம்மாள்தான். அவள் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"தண்டு நல்லா பிடிச்சிருக்கும்மா. ஆனா இங்க, மேல்பக்கம் எலும்பு இளைச்சிருக்கு பாருங்க. பாரத்தையெல்லாம் தண்டே தாங்கிக்குது, எலும்புக்கு வேலை இல்ல. கொஞ்சம் இளைக்கிறது சகஜம்தான். நீங்க கையையும் தூக்காம இருந்தா இன்னும் இளைக்கும்."

"நீ சிமெண்ட் வெச்சிருந்தா தூக்கியிருப்பேன் டாக்டரம்மா."

ஹெப்சி மேஜை டிராயரைத் திறந்து, நோயாளிகளுக்குக் காட்ட வைத்திருந்த அதே மாதிரித் தண்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கீழ்ப்பக்கம் வழவழப்பு. மேல்பக்கம் சொரசொரவென்று இருந்தது. கிளியம்மாளின் கட்டைவிரல் அங்கேயே நின்றது. வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்காது, உளி வைத்துக் கொத்தி விட்டால்தான் பிடிக்கும்.

"அடடே, கொத்தி வுட்டுக்கீறீங்க!"

"அதேதான். சிமெண்ட் வெச்சா அன்னைக்கே பிடிச்சுக்கும். பின்னால எடுக்க வேண்டி வந்தா எலும்பும் சேர்ந்து பேந்துடும். உங்க எலும்பு நல்ல கெட்டி. அதுவே வளர்ந்து பிடிக்கட்டும்னு விட்டேன். பிடிச்சிருச்சு. எங்க, தூக்குங்க?"

நம்ம எலும்பேதான் பூச்சா! கிளியம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. தூக்கினாள். மார்பு வரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. புத்திக்குப் புரிந்தது இந்தப் பாழும் கைக்குப் புரியவில்லையே என்று அவமானமாக இருந்தது.

அப்போது மேலிருந்து வெள்ளையாக ஒரு செதில் மேஜைமேல் விழுந்தது. ஹெப்சி அண்ணாந்து பார்த்துச் சலித்துக்கொண்டார். "இந்தப் பழைய சீலிங் என்னைக்கு நம்ம தலையில கொட்டப்போகுதோ."

அவ்வளவுதான். கிளியம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இன்னாது? கொட்டுமா? அது பெயிண்ட்டு டாக்டரம்மா, பெயிண்ட்டு! எவனோ ஈரத்துல அடிச்சுட்டுப் போய்க்கீறான். பூச்சு என்னுது! பத்தொம்போது வருசமாச்சு. தோ, அந்த மூலையில ஒரு விரிசல் காட்டு பாப்போம்!"

ஹெப்சி சீலிங்கைப் பார்க்கவில்லை. அனுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது.

"இன்னா, ரெண்டு பேரும் என்னையே பாத்துகினு கீறீங்க? மேல பாருங்க!"

சொல்லிவிட்டுத்தான் அவளும் பார்த்தாள். தலைக்கு மேலே விறைப்பாக நீண்டு, மூலையைச் சுட்டிக்கொண்டிருந்தது அவளுடைய வலது கை.

"அம்மா, கையை இறக்கிக்கலாம்," என்றார் ஹெப்சி மெதுவாக.

"இருக்கட்டும்," என்றாள் கிளியம்மாள். "நீ இன்னும் அந்த மூலையைப் பாக்கல."