தக்க காரணம்

ஹேக்பெரி ஏரி அணுமின் நிலையத்தின் கட்டுமான அனுமதி ஆகஸ்டு முதல் தேதியோடு காலாவதியாகிவிட்டது. ஆறு மாதம் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நாலாயிரம் பேர் வேலைக்குப் போனார்கள், வந்தார்கள். கான்கிரீட் கொட்டினார்கள், குழாய் இணைத்தார்கள். பிப்ரவரியில் வாஷிங்டனில் யாரோ ஒரு குமாஸ்தா கோப்பைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கம்பெனி கொடுத்த விளக்கம் இது: கெடு தேதி அலுவலகச் சுவர்க் காலண்டரில் குறிக்கப்பட்டிருந்தது. வேட்டை நாய்களின் படம் போட்ட காலண்டர். குறித்து வைத்தவர் ஓய்வு பெற்றபோது, படம் பிடித்துப்போய் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

"போன கோடையில என் மீன்பிடி லைசென்ஸ் முடிஞ்சு ஒரே ஒரு நாள்தான் ஆச்சு," என்றான் ராய்ஸ், சோள ரொட்டியை அவரைக் குழம்பில் தோய்த்தபடி. "படகை மறிச்சு தூண்டிலையே பிடுங்கிட்டான் அந்தக் காவல்காரன். ஒரு கெளுத்தி மீனுக்கு அத்தனை கெடுபிடி. அணு உலைக்கு நாய்ப் படம் போதும் போல."

ராய்ஸ் நெல்டாவின் தம்பி. நிலையத்தில் குழாய் வெல்டர். சிரிக்கத்தான் சொன்னான். அவனுடைய அக்கா சிரித்தாள். அக்காள் புருஷன் டாயில் ஹட்ஸ்பெத் சிரிக்கவில்லை. அவன் கையில் கம்பெனியின் நீட்டிப்பு விண்ணப்பம் இருந்தது. நூலகத்தில் நகலெடுத்து வந்திருந்தான்.

டாயில் அதே நிலையத்தில் ஆறு வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். கோளாறான வெல்டைக் கண்டால் சிவப்புச் சீட்டு எழுதிக் குழாயில் கட்டுவான். சீட்டு கட்டிய குழாயை, சரிசெய்து கையெழுத்து வாங்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது. 1983-இல் ஒரே வருடத்தில் நூற்று எண்பத்தேழு சீட்டு எழுதினான். அவற்றில் பதினொன்று ராய்ஸ் வைத்த வெல்டுகளுக்கு. டிசம்பரில் அவனை வேலையைவிட்டு நீக்கினார்கள். பணிப்பதிவில் ஒரு வரி எழுதினார்கள்: "பொய்ச் சீட்டுகள் எழுதியதற்காக." அந்த ஒரு வரியைப் பார்த்த எந்த ஆலையும் அவனுக்கு இன்ஸ்பெக்டர் வேலை தரவில்லை. இரண்டு வருடமாகப் பழைய எரிவாயுக் குழாயை வெட்டி இறைச்சி வாட்டும் அடுப்பு செய்து விற்கிறான். நல்ல அடுப்பு. ஊரே வாங்குகிறது. வாங்க வருகிறவன் ஒவ்வொருவனும், "இதுக்குச் சிவப்புச் சீட்டு கிடையாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

"நாலாம் பக்கம் படி," என்று நெல்டாவிடம் விண்ணப்பத்தை நீட்டினான்.

படித்தாள். குறித்த காலத்தில் கட்டி முடிக்காததற்குத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே அனுமதியை நீட்டிக்கலாம் என்பது சட்டம். கம்பெனி காட்டிய காரணங்களில் மூன்றாவது இப்படி இருந்தது: "எமது தரச் சோதகர்கள் சமரசமின்றி வழங்கிய 212 சிவப்புச் சீட்டுகளின்படி குறைகளைச் சரிசெய்யப் பதினான்கு மாதங்கள் தேவைப்பட்டன. தரத்தில் நாங்கள் காட்டும் கண்டிப்புக்கு இது சான்று."

"எமது தரச் சோதகர்கள்," என்றாள் நெல்டா. "அடப் பாவிங்களா. இது உன்னையா?"

"என்னையேதான்."

"உன்னைப் பொய்யன்னு துரத்திட்டு, இப்ப உன் சீட்டையே மெடல் மாதிரி குத்திக்கிறானுங்களா?"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறேன்."

ராய்ஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "மச்சான், அனுமதி கிடைக்கலேன்னா நாங்க நாலாயிரம் பேர் தெருவுலதான். அது ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்கு உங்க ஆலை வேண்டாம்டா. நான் எழுதினது பொய் இல்லேன்னு அவங்க வாயால ஒரு வரி சொல்லணும். அவ்வளவுதான்."

நீட்டிப்பை எதிர்த்து மனு கொடுத்தான். மார்ச்சில் விசாரணை வந்தது. நீதிமன்றக் கூரை ஒழுகியதால் முன்னாள் படைவீரர் மன்றத்தில் வைத்தார்கள். மேடையில் ஒரு நீள மேசை, மூன்று நீதிபதிகள். பின்சுவரில் பிங்கோ ஆட்டத்தின் எண் பலகை. முந்தின சனிக்கிழமை கடைசியாக விழுந்த எண் அதில் அப்படியே இருந்தது. நடுவில் உட்கார்ந்த தலைமை நீதிபதி எடித் கார்மைக்கேல் மெலிந்த பெண்மணி, குரல் உயர்த்தாதவர். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

"இங்க ஒரே கேள்விதான். தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டா, இல்லையா. ஆலை பாதுகாப்பானதா, வேணுமா, வேண்டாமா, இதெல்லாம் இந்த விசாரணையோட வரம்புக்கு வெளியே."

முதலில் ஹைராம் பூண் எழுந்தார். ஏரிக்குக் கீழே அவருக்கு நானூறு மாடு.

"அம்மா, என் மாடு குடிக்கிற தண்ணி அந்த ஏரியிலேர்ந்துதான் வருது."

கம்பெனியின் வழக்கறிஞர் பாதி எழுந்தார். வாஷிங்டன்காரர், பெயர் லாங்ஸ்ட்ரீத். "வரம்புக்கு வெளியே."

"மாடா வெளியே, தண்ணியா வெளியே?"

"ரெண்டும்தான், மிஸ்டர் பூண்," என்றார் நீதிபதி.

"அப்ப வரம்புக்கு உள்ள என்னதான் இருக்கு?"

"காலம்."

பூண் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "காலம் உங்ககிட்ட நிறைய இருக்கும்மா. மாட்டுக்குக் கிடையாது." கூடத்தில் சிரிப்பு. அவர் சிரிக்காமல் வெளியே போனார்.

அடுத்தது டாயில். லாங்ஸ்ட்ரீத் இம்முறை முழுதாக எழுந்தார்.

"நீதிபதி அவர்களே, இந்த மனுதாரர் வெல்டிங் பத்திப் பேச வந்திருக்கார். அது பாதுகாப்பு. வரம்புக்கு வெளியே. தவிர, பொய்ச் சீட்டு எழுதினதுக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர் இவர். இவர் பேச்சுக்கு மதிப்பும் இல்லை."

டாயிலின் காது சூடேறியது. நெல்டா அவன் கோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அவன் எழுந்ததும் கை நழுவியது.

"நான் பாதுகாப்புங்கிற வார்த்தையையே எடுக்கப் போறதில்லீங்க. அவங்க விண்ணப்பத்துல நாலாம் பக்கம், மூணாவது காரணம். அதைப் பத்தி மட்டும் பேசறேன். தாமதத்துக்குக் காரணம் 212 சிவப்புச் சீட்டுன்னு போட்டிருக்காங்க. அதுல 187 என் கையெழுத்து. இந்த ஐயா இப்பத்தான் அது பொய்ச் சீட்டுன்னு சொன்னார். பொய்ச் சீட்டைச் சரிசெய்யப் பதினாலு மாசம் எதுக்கு ஆச்சு?"

கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. நீதிபதி விண்ணப்பத்தைப் புரட்டி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மிஸ்டர் லாங்ஸ்ட்ரீத்?"

"அந்தப் பத்தியைத் திரும்ப வாங்கிக்கறோம், நீதிபதி அவர்களே. மத்த காரணங்களே போதும்."

"மத்த காரணங்கள் கூட்டினா இருபத்திரண்டு மாசம் வருது. தாமதம் முப்பத்தாறு. நடுவுல இருக்கற பதினாலு மாசம் என்ன செஞ்சிட்டிருந்தீங்க? மீன் பிடிச்சீங்களா?"

லாங்ஸ்ட்ரீத் இருபது நிமிட இடைவேளை கேட்டார்.

காபிப் பாத்திரத்தின் அருகே ராய்ஸ் டாயிலை மடக்கினான். பின்னால் வேலைச் சட்டையோடு ஏழெட்டுப் பேர், பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மச்சான், கழுத்தைப் பிடிச்சுட்ட. போதும், விட்டுடு."

"இன்னும் ஒரு வரி பாக்கி."

"பசங்க என்ன பேசறாங்க தெரியுமா? உன் அடுப்பை எல்லாம் திருப்பிக் கொண்டாந்து உன் வாசல்ல கொட்டுவாங்களாம்."

"கொட்டட்டும். வெல்டு விட்டுப்போயிருந்தா இலவசமா சரிபண்ணித் தரேன்னு சொல்லு."

ராய்ஸ் காபியைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "நீ சீட்டு கட்டின என் பதினொண்ணும் கோளாறுதான். அவனுங்க அவசரப்படுத்தினானுங்க."

"தெரியும்டா."

"அங்க கேட்டா சொல்ல மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

இடைவேளை முடிந்தது. லாங்ஸ்ட்ரீத் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். ஒவ்வொரு சொல்லையும் யாரோ அளந்து கொடுத்ததுபோல இருந்தது.

"கம்பெனியின் நிலைப்பாடு: மேற்படி 212 சீட்டுகளும் முறையானவை, உண்மையானவை. அவற்றைச் சரிசெய்யவே காலம் பிடித்தது. மூன்றாம் காரணத்தில் கம்பெனி உறுதியாக நிற்கிறது."

சுருக்கெழுத்துப் பெண்ணின் விரல்கள் ஓடி நின்றன. அது டாயில் இரண்டு வருடம் கேட்ட வரி. வந்தே விட்டது.

"அப்ப என்னை ஏன் வேலையை விட்டு எடுத்தீங்க?" என்றான்.

"ஆட்சேபிக்கிறேன். வரம்புக்கு வெளியே."

"ஆட்சேபம் ஏற்கப்படுகிறது," என்றார் நீதிபதி. "மிஸ்டர் ஹட்ஸ்பெத், அது இந்த விசாரணைக்கு வராது."

"சரிங்க. வர்றதைச் சொல்றேன். பதினாலு மாசத்துல ஒன்பது மாசம் என் சீட்டு ஃபோர்மேன் மேசை இழுப்பறையில கிடந்துச்சு. தாமதம் சீட்டால வரல. சீட்டை ஒளிச்சு வச்சதால வந்துச்சு."

"அதுக்கு ஆவணம்?"

"இழுப்பறை அவங்ககிட்ட இருக்கு. என்னைத்தான் ஆலை கேட்டுக்கு வெளியே தள்ளிட்டாங்களே!"

மூன்று நீதிபதிகளும் தலைசேர்த்துக் கிசுகிசுத்தார்கள். நெடுநேரம் ஆகவில்லை.

"மனுதாரர் சீட்டுகள் உண்மைங்கிறார். கம்பெனியும் உண்மைங்குது," என்றார் கார்மைக்கேல். "ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றீங்க. தகராறு இல்லாத இடத்துல விசாரிக்க ஒண்ணும் இல்லை. மனு தள்ளுபடி."

டாயில் நின்றபடியே இருந்தான். அவன் உண்மை சொன்னதே அவனை வெளியே தள்ளியது. பொய் என்று ஒப்புக்கொண்டிருந்தால் ஒருவேளை உள்ளே விட்டிருப்பார்கள். அனுமதி வழங்கும் அணுசக்தி ஆணையத்தின் வழக்கறிஞர் காலையிலிருந்து முதல்முறையாக வாய் திறந்தார். தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

உத்தரவு மூன்று வாரத்தில் தபாலில் வந்தது. அனுமதி மூன்று வருடம் நீட்டிக்கப்பட்டிருந்தது. அனுமதி இல்லாமல் கட்டிய ஆறு மாதத்துக்கு ஓர் அடிக்குறிப்பு: "வருந்தத்தக்க கவனப்பிசகு." தரத்தில் கம்பெனி காட்டிய கண்டிப்பைப் பாராட்டி ஒரு பத்தி. டாயிலின் பெயர் "மனுதாரர் 2" என்று ஓரிடத்தில் வந்தது.

அவன் விசாரணைப் பதிவிலிருந்து லாங்ஸ்ட்ரீத் வாசித்த பக்கத்தை நகலெடுத்து ஆலையின் பணியாளர் பிரிவுக்கு அனுப்பினான். என் பதிவிலுள்ள வரியை அடித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதினான். பதில் நான்கு வரி. பணிநீக்கத்தை எதிர்த்து முறையிட முப்பது நாள் கெடு. அது 1984 ஜனவரியில் முடிந்துவிட்டது. கெடுவை நீட்டிக்க விதிகளில் இடமில்லை.

டாயில் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அடுப்புக் கொட்டகைக்குப் போகத் திரும்பினான். நெல்டா படித்தாள். பள்ளிச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள். நானூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுடையது.

"எங்க போற? வண்டிச் சாவியை எடு."

"எதுக்கு?"

"அவங்களுக்கு ஆறு மாசம் கண்ணு தெரியல, கவனப்பிசகு. உனக்கு ரெண்டு வருஷம் வாயைக் கட்டிப் போட்டாங்க, கெடு முடிஞ்சுபோச்சா? எடுடா சாவியை!"

அன்று வெள்ளிக்கிழமை. மதிய வேளை. பணியாளர் பிரிவின் ஜன்னல் முன்னால் சம்பளக் காசோலைக்கு அறுபது பேர் நின்றார்கள். நெல்டா வரிசையைக் கடந்து நேரே முன்னால் போனாள். ஒருவரும் தடுக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கடிதத்தையும் விசாரணைப் பதிவின் பக்கத்தையும் தள்ளினாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், இது இந்த ஜன்னலுக்கு வராத விஷயம்."

"எந்த ஜன்னலுக்கு வரும்?"

"அது... எனக்குத் தெரியாது மேடம்."

"தெரிஞ்சவங்களைக் கூப்பிடு. அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

அவள் பக்கத்தைத் திரும்ப எடுத்தாள். வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, சத்தமாக வாசித்தாள். மேற்படி 212 சீட்டுகளும் முறையானவை. உண்மையானவை. அறுபது பேரும் கேட்டார்கள். யாரோ ஒருவன் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "பின்னாடி கேக்கலே," என்றான். கேலியா, கேள்வியா, தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் தொலைபேசியை எடுத்து யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினாள். வாசலில் காவலாளி வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அவனுக்குக் கேக்கலையாம்," என்றான் டாயில். "இன்னொரு தடவை படி."