வெள்ளைப் பொட்டலம்

அண்ணனின் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. எந்த நேரமும் வெடிக்கலாம் என்றார் டாக்டர். மத்தியானத்துக்குள் சம்மதம் சொன்னால் இன்றே ஆபரேஷன். இல்லையென்றால் தியேட்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"உங்க அண்ணியைக் கேளு. பல்பு மாத்துறதுக்கே அவளைக் கேட்டுத்தான் ஸ்டூல்ல ஏறுவேன்" என்று தம்பியிடம் சொன்னான் அண்ணன், கட்டிலில் சாய்ந்தபடி.

அண்ணி சிரிக்கவில்லை. "அம்மன்கிட்ட பூ கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

கோயில் ஓர் அச்சகத்துக்கும் வங்கிக்கும் நடுவில் ஒடுங்கி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடும் சத்தம் கருவறை வரை கேட்டது.

பூசாரி தட்டில் வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் வைத்தார்.

"தனித்தனியா இலையில மடிச்சு நூல் சுத்துங்க. அம்மா, நீங்க கேக்குறவங்க, நீங்க கட்டக்கூடாது. வீட்டாள் வேற யாராவது கட்டணும். எந்தப் பூ வந்தா என்னன்னு மனசுக்குள்ளயே அம்மன்கிட்ட சொல்லிக்கணும். வாய் திறந்தா போச்சு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பொட்டலம் கட்டத் தம்பி தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இழை பிரிந்த கம்பியைப் பார்த்த பிறகு யாரையும் ஏற்றமாட்டான். இதில் மட்டும் பூவை நம்பி அண்ணனை விடுவதா? இரண்டு இலைகளிலும் வெள்ளையை மடித்தான். சிவப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சரி என்பதற்கு வெள்ளை. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கினார். எடுத்துக்கொடுக்க வாசலில் செருப்பு பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"என் கை ராசியான கை. போன வாரம் ஒரு பொண்ணுக்கு எடுத்தேன். மாமியார் பெட்டியைக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்கே போயிட்டா."

"பேசாம எடு" என்றார் பூசாரி.

எடுத்தாள். அண்ணி நூலைப் பிரித்தாள். வெள்ளை.

அண்ணியின் தோள்கள் தளர்ந்தன. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனும் மூச்சு விட்டான்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு போன் போடவா அண்ணி? ரெடி பண்ணச் சொல்லிடலாம்."

"எதுக்கு? கத்தி வேண்டாம்னா வெள்ளையைக் கொடுன்னு கேட்டேன். கொடுத்துட்டா."



"வெள்ளை... வெள்ளைன்னா சரின்னுதானே?"

"நல்லதுக்குத்தான் வெள்ளை தம்பி. எங்கப்பாவைத் தியேட்டருக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. வெளிய துணி சுத்திக் கொடுத்தாங்க. அதுல என்ன நல்லது?"

அவன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அரளியை எடுத்துக் காட்டினான். மற்றப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினான்.

"ரெண்டுலயும் வெள்ளையைத்தான் வச்சேன் அண்ணி. அண்ணனைக் காப்பாத்தணும்னு செஞ்சேன். இது செல்லாது. திரும்பக் கேக்கலாம்."

செருப்பு பார்க்கும் பெண் ஓசைப்படாமல் வாசலுக்குப் போய்விட்டாள். அண்ணி பூசாரியைப் பார்த்தாள்.

"சொன்ன பதிலையே மறுபடி கேட்டா அவளை நம்பலைன்னு அர்த்தம்" என்றார் பூசாரி. அவன் பக்கம் திரும்பவில்லை.

"சாமி, பதில் சொன்னது அவ இல்லை. நான்."

அண்ணி கோபப்படவில்லை. அவள் குரல் கனிந்திருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே ரெண்டுலயும் வெள்ளையை வச்சே. உன்னை வைக்க வச்சது யாரு?"

"அண்ணி, நான் ஏமாத்தினேன்."

"என்னை ஏமாத்தினே. அவளை ஏமாத்த முடியுமா?"

அவன் கையிலிருந்த சிவப்புப் பூவைப் பார்த்தான். சிவப்புப் பொட்டலம் ஒன்று இருந்திருந்தால், அது வந்திருக்கலாம்.

அண்ணி போன் போட்டாள். இயந்திரச் சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"உத்தரவு ஆயிடுச்சு. கத்தி வேண்டாமாம். வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்பாடா" என்றான் அண்ணன். "எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். தம்பி என்ன சொல்றான்?"

"அவன் கையாலதான் கட்டினான்."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளு" என்று அவன் குனிந்து கத்தினான்.

அங்கே அண்ணன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "சிஸ்டர், இந்த ஊசியைக் கழட்டிடுங்க. என் சட்டை எங்க?"