அழ அனுமதி கேட்டவர்கள்

"இறந்துபோனவருக்காக அழணும்னா எந்த கவுண்டர்ல மனு கொடுக்கணும்?" என்று கேட்டது தொலைபேசியில் ஓர் ஆண் குரல். பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"இங்க துணிதாங்க வெளுப்போம்," என்றாள் சலவைக் கடை அக்கா. அந்த வாரத்தில் அப்படி வந்த பதினோராவது அழைப்பு அது.

விஷயத்தை விளக்கியவர் அடுத்து அழைத்த ஒரு லாரி ஓட்டுநர். புதிதாக ஒரு நாவல் வந்திருக்கிறதாம். அதில் வரும் நாட்டில் அரசாங்க அனுமதி இல்லாமல் யாரும் யாருக்காகவும் அழக் கூடாது. நாவல் முழுக்க அந்த அனுமதிக்கான விண்ணப்பப் படிவம்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் புள்ளிக்கோடு. அதைத் தவிர ஒரு வரி கிடையாது. 'சந்தேகங்களுக்கு அழைக்கவும்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு எண். பதிப்பகத்தார் கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிட்டார்கள். அது அக்காவின் கடை எண்.

"போன் வயரப் புடுங்கி விட்ரலாம்க்கா," என்றான் இஸ்திரி மேசையில் நின்ற தம்பி.

"இரு. என்னதான் சொல்றாங்கன்னு கேப்போம்."

அவளுக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. சட்டைகளின் கழுத்துப்பட்டையில் அடையாளச் சீட்டுக் குத்திக்கொண்டே, அழைப்பவர்களிடம் எதிர்க்கேள்வி போட்டாள். புத்தகம் எப்படி? எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? ஒரு பள்ளி ஆசிரியை கொதித்தார்: "கதையே இல்லாம கேள்வியா கேட்டா அது நாவலா? நான் பரீட்சைத் தாள் திருத்துறவ, எனக்கே தலை சுத்துது." ஒரு நர்ஸ், 'இறந்தவர் உங்களை எத்தனை முறை திட்டினார்?' என்ற கேள்வியில் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார். அதே கேள்வியில் ஒரு பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். மனைவியோடு வாழ்ந்த நாற்பது வருஷத்தை எப்படி எண்ணுவது என்று கேட்டார். "தோராயமா போடுங்கய்யா," என்றாள் அக்கா.

அன்று மாலையே புத்தகத்தை வாங்கி வந்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் மன்னிப்புக் கேட்க நாவலாசிரியரே கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. மன்னிப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் கிளம்பவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் மலர்வதும் வாடுவதுமாக இருந்தது.

"முந்நூறாவது கேள்வி? அமைச்சரோட நாய் செத்தா நாடே அழணுமான்னு வருமே, அது?"

"ஒருத்தர்கூடப் பேசலைங்க."

"ஆறு மாசம் அதுக்காக உக்காந்தேன்," என்றார் அவர்.

அப்போது தொலைபேசி அடித்தது. அக்கா ரிசீவரை அவரிடமே நீட்டினாள். அவர் தான் யாரென்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஆவல் தாங்காமல், "முந்நூறாவது கேள்விய படிச்சீங்களா?" என்றார். பதிலைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இருநூத்தி எண்பதுலயே மூடி வச்சிட்டாராம்!"

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போகும்போது ஆசிரியர் தன் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த பதிப்பில் கடை எண் இருக்காது என்றும் சொன்னார். சொன்னபடியே செய்தார். இரண்டு மாதத்தில் அழைப்புகள் ஓய்ந்தன. துணி தயாரா என்று கேட்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தபோது, அக்கா அவரை அழைத்தாள்.

"ஒரு சந்தேகங்க. நூத்தி நாலாவது கேள்வி. 'இறந்தவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறதா?' அதுல ஆமான்னு எழுதினா அனுமதி கிடைக்குமா, கிடைக்காதா?"

மறுமுனையில் அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க யார நெனச்சு கேக்கறீங்க?"

"எங்கப்பாவ."

"ஆமான்னு எழுதினா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்லைங்க," என்றார் அவர். "நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.