கடைசியாகக் காதில் விழுந்தது

கணவன் கொளஞ்சியப்பன் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அதிலிருந்து ஜெயசுதாவின் மகள் சுபஸ்ரீ யாரிடமும் விடைபெற்றுக்கொள்வதில்லை. பத்து வயதுப் பெண், பள்ளிக்கூடம் கிளம்பும்போது பூனை மாதிரி நழுவிவிடுவாள். அம்மா வெளியே கிளம்பினால் பின்பக்கம் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

காரணம் ஜெயசுதாவுக்குத் தெரியும். குடகுக்கு மிளகு பறிக்கப் புறப்பட்ட காலையில், எப்போதும் போல அவன் போய்ட்டு வரேன் என்று சொல்லத் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் புதிதாக இங்கிலீஷ் படித்த மிதப்பில் சுபஸ்ரீதான் மறித்து, பை என்று மூன்று தரம் சொல்லவைத்தாள். பன்னிரண்டாம் நாள் ஏணி சரிந்தது. ஆம்புலன்ஸில் உடலைக் கொண்டுவந்து, ஊருக்குப் பக்கத்து வெள்ளிமலையில் இறக்கினார்கள். துக்கத்துக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, வரேன்னு சொல்லாமப் போன ராசா எப்படி வருவ என்று ஒப்பாரியில் இழுத்தாள். மூலையில் இருந்த பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. கள்ளக்குறிச்சியில் விடுதியோடு ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடும். சுபஸ்ரீ மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. பெட்டியைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சான்றிதழ்களை நகலெடுக்க மலையிறங்கிய ஜெயசுதா, ஜெராக்ஸ் கடை கவுஸ் பாஷாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், பை என்றால் என்ன அர்த்தம் என்று. அவர் சிரிக்கவில்லை. செல்போனில் தேடி நிதானமாகப் படித்துச் சொன்னார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள், கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று சொல்லித்தான் வழியனுப்பியிருக்கிறார்கள். வாயில் புரண்டு தேய்ந்து அது குட்பை ஆகி, இன்னும் தேய்ந்து பை ஆகிவிட்டதாம்.

"எங்க வூட்ல குதா ஹாபிஸ்னு சொல்றோம்ல, அதேதாம்மா. நல்ல வார்த்ததான்."

மலையேறும் பேருந்தில் அந்த அர்த்தத்தை மருந்து மாதிரிப் பொத்திக்கொண்டு வந்தாள். வந்ததும் சொன்னாள். சுபஸ்ரீ முழங்காலில் முகவாயை வைத்துக் கேட்டாள்.

"அதுல சாமி எங்கம்மா இருக்குது?"

"முன்னாடி. குட்டுன்னு வருதே, அதுல."

"நான் அப்பாவுக்கு அத சொல்லித் தரலியே. வெறும் பைதான் சொல்லித் தந்தேன். சாமிய வுட்டுட்டு அப்பாவ தனியா அனுப்பிட்டேன்."

இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் ஜெயசுதாவுக்குள் கிடந்த ஒன்று தானாக எழுந்து உட்கார்ந்தது. இனி அதைப் படுக்கவைக்க முடியாது.

"அன்னிக்கு நீ பள்ளிக்கூடம் போனப்புறம் அப்பா திரும்பி வந்தாருடி. சார்ஜர மறந்துட்டாரு. அறுப்பு முடிஞ்சி போன்னு எவ்ளோ கெஞ்சியும் கேக்காமப் போறாரேன்னு எனக்கு ஆத்திரம். எடுத்து வீசிட்டு, போ, ஒரேயடியாப் போய்த் தொலன்னேன். அவர் காதுல கடைசியா வுழுந்தது உன் வார்த்த இல்ல. என்னுது."

சுபஸ்ரீ அம்மாவையே பார்த்தாள்.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சார்ஜர பொறுக்கி ஜோபுல வச்சிக்கினு நடந்துட்டாரு."

பிள்ளை அழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். மறுநாள் பெட்டியில் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.

திங்கட்கிழமை முதல் பேருந்தில், கூட அழைத்துப்போகும் பக்கத்து வீட்டு இசைவாணி அக்காவோடு சுபஸ்ரீ ஏறிக்கொண்டாள். வண்டி உறுமியது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்து, முகத்தைப் பார்க்காமல், "பை, மா" என்றாள்.

போய்ட்டு வா என்று சொல்ல ஜெயசுதா வாயெடுத்தாள். 'போ' என்பதுதான் முதலில் வந்தது. உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள். பேருந்து வளைவில் இறங்கி மறைந்தது.