வியாழக்கிழமை அப்பாவுக்கு

திங்கட்கிழமை லால்பாக், செவ்வாய் ரஸ்ஸல் மார்க்கெட், புதன் அல்சூர் ஏரி. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை வீட்டில் சும்மா கிடக்கும் என்று நினைப்பவர்கள், ஜீவனஹள்ளியில் சங்கமித்ரா குடியிருந்த மாடிக்குக் காலையில் ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி, அளவு டேப், பூதக்கண்ணாடி, தயிர்சாத டப்பா என்று மூட்டை கட்டிக்கொண்டு தாயும் மகளும் படியிறங்குகிற வேகத்தைப் பார்த்தால் யாரோ ரயிலைத் தவறவிடப் போகிறார்கள் என்று தோன்றும்.

மகள் யசோதராவுக்கு ஒன்பது வயது. லால்பாகில் மரத்தின் இடுப்பை டேப்பால் அளந்து வயதைக் கணக்குப் போட வேண்டும். மார்க்கெட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கினால் பின்னக் கணக்கு. பஸ்ஸில் ஏறினால் போர்டில் இருக்கும் கன்னடம். வீட்டுக்கு வந்து குழம்பு கொதித்தால் ஆவி ஏன் மேலே போகிறது என்று ஒரு கேள்வி. சங்கமித்ராவின் கையில் பட்டதெல்லாம் பாடமாகிவிடும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் சொந்தக்காரர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கோலார் தங்கவயல் சனம் அது. சுரங்கத்தில் இறங்கி இருமி இருமிச் செத்த தாத்தாக்கள், பிள்ளைகளை மட்டும் கீழே இறங்க விடாமல் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார்கள். புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மாட்டியிருந்த அந்த லைன் வீடுகளில் படி, படி என்பதைத் தவிர வேறு புத்திமதியே கிடையாது. அந்த வம்சத்தில் பிறந்தவள், அதுவும் டீச்சர் வேலை பார்த்தவள், பெற்ற பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் சும்மா விடுவார்களா? கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் இவளைச் சுற்றி ஒரு பஞ்சாயத்து கூடிவிடும்.

காரணம் இருந்தது. யசோ இடது கைக்காரி. யூ.கே.ஜி.யில் ஒரு மிஸ் அந்த இடது கையை நாற்காலிக் காலோடு ரிப்பனால் கட்டி வைத்துவிட்டு வலது கையால் எழுதச் சொன்னாள். பிள்ளை ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. விஷயம் தெரிந்த அன்றைக்கே சங்கமித்ரா மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தான் பார்த்த வேலையையும் விட்டாள். அவள் கணவன் மதியழகன் அன்று அவள் பக்கத்தில்தான் நின்றான். "ஊரு ஆயிரம் பேசும் மித்ரா. நாம ரெண்டு பேரும் பேசிக்காம இவ விஷயத்துல ஒண்ணும் செய்ய வேணாம். இது என் வாக்கு" என்றான். எத்தனையோ பஞ்சாயத்துகளை அவள் தாங்கியது அந்த ஒரு வாக்கை நம்பித்தான்.

மதி ஹெப்பகோடியில் வால்வு செய்கிற ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே வார விடுமுறை வியாழக்கிழமை. ஆகவே வியாழன் அப்பாவுக்கு. அன்று அவன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போவான், சங்கமித்ரா வீட்டில் துணி துவைப்பாள், அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுவாள். ஜூன் மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு தவறாமல் நடந்தது. தானாகவே முன்வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவள் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

வீட்டில் பரீட்சை கிடையாது. அதன் இடத்தில் ‘சொல்லுதல்’ என்று ஒன்று உண்டு. எங்கே போனாலும், ராத்திரி சாப்பிடும்போது யசோ பார்த்ததைச் சொல்ல வேண்டும். குறிப்பு எதுவும் பார்க்கக் கூடாது. கேட்கிறவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். அந்த வியாழனும் அப்படித்தான் சொன்னாள். கஸ்தூர்பா ரோடு மியூசியம், வாசலில் நிற்கிற பழைய ரயில் எஞ்சின், பொத்தானை அழுத்தினால் சுற்றுகிற சக்கரங்கள், எண்ணெய் வாசனை, காவலாளி அதட்டியது. மதி ரசத்தைக் குடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"எண்ணெய் வாசனையக்கூட சொல்லிட்டா பாருங்க" என்று சங்கமித்ரா பூரித்துப் போனாள்.

"உன் பொண்ணாச்சே" என்றான் மதி.

சனிக்கிழமை காலை காக்ஸ் டவுனில் மௌரீன் வீட்டில் கூடுவது வழக்கம். மௌரீனும் தன் இரண்டு பையன்களைப் பள்ளிக்கு அனுப்பாதவள். இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வரும். வாரம் முழுக்கப் பார்த்ததை ஒவ்வொன்றும் மற்றவர்களுக்குச் சொல்லும். யசோ மியூசியத்தை மறுபடி சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது. மௌரீன் சங்கமித்ராவின் தொடையில் தட்டி, "என்னம்மா இவ, ரேடியோல வேல பாக்கலாம்போல" என்றாள்.

அப்போது உள் அறையிலிருந்து மௌரீனின் மாமியார் பெர்னதெத் ஆன்ட்டி வந்தாள். முழங்காலுக்குக் கீழ் வரை கவுன், கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மைசூரில் பெரிய மகன் வீட்டில் இருந்தவள், முந்தின நாள்தான் வந்திருந்தாள். பிள்ளைகள் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மௌரீனின் சின்னவன் தரையில் படுத்தபடியே காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

யசோ மட்டும் விருட்டென்று எழுந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "கு...ட் மா...ர்னிங் மி...ஸ். காட் ப்ளெஸ் யூ மி...ஸ்" என்று இழுத்துப் பாடினாள். பாடிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஆன்ட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, எவ்வளோ டீசன்ட். சிட் டவுன் மை சைல்ட்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் யசோ உட்கார்ந்தாள்.

சங்கமித்ராவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவள் டீச்சராக இருந்தவள், அந்த ராகம் அவளுக்குத் தெரியும். ஒரு வகுப்பு முழுக்க ஒன்றாகச் சேர்ந்து இழுத்தால்தான் அது வரும். திரும்பத் திரும்ப இழுத்தால்தான் தொண்டையில் தங்கும். யூ.கே.ஜி.யில் யசோ படித்த பள்ளியில் கன்னடத்தில் வணக்கம் சொல்லித்தான் உட்காருவார்கள். உட்காரச் சொல்லும்வரை நிற்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வகுப்பில் நின்ற கால்களுக்கு மட்டும் தெரிகிற விஷயம் அது.

லைம் ஜூஸ் வந்தது. அவள் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். தலைவலி என்று மௌரீனிடம் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீடு நடக்கிற தூரம்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது கேட்டாள்.

"யசோ, அந்த குட் மார்னிங் எங்கம்மா கத்துக்கின?"

யசோ கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டைப் பார்த்தாள்.

"உன்ன திட்ட மாட்டேன். சொல்லு."

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு."

சரக்கு ரயில் ஒன்று போனது. வழக்கமாக இருந்தால் பெட்டிகளை இரண்டு இரண்டாகக் கூட்டச் சொல்லியிருப்பாள். அன்று அவள் எதையும் கேட்கவில்லை, பிள்ளை தானாகவே உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. அப்பா சொல்லக் கூடாது என்றார். அப்படியானால் வியாழக்கிழமைகளில் போனது மியூசியத்துக்கு இல்லை, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு. எத்தனை வியாழக்கிழமை இந்தப் பிள்ளை என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, என் கையால் சாப்பிட்டுக்கொண்டே, கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியது. அந்த எண்ணெய் வாசனை. அதற்கல்லவா பூரித்துப் போனேன். பார்த்ததைச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். பார்க்காததைச் சொல்ல அவர் பழக்கிவிட்டார்.

மதி மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் ஒரு ஷூவோடு நின்றுவிட்டான்.

"எந்த ஸ்கூலு?" என்றாள்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுவரைக்கும் ஒரு நன்மை. "அக்கா ஸ்கூலுதான்" என்றான். அவனுடைய அக்கா தனலக்ஷ்மி ஹெப்பகோடியில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டு, அட்மிஷன் இல்லாமல் சும்மா உட்கார வைக்க அனுமதி வாங்கியிருந்தாள். ஜூனிலிருந்து வியாழன்தோறும் காலை முதல் மாலை வரை.

"அப்போ மியூசியம்?"

"நான் எட்டாவது படிக்கறப்போ கே.ஜி.எஃப்.லேர்ந்து எக்ஸ்கர்ஷன் வந்தேன். அதான் பஸ்ல வர்றப்போ அவளுக்குச் சொன்னேன்."

"விமானம் பாக்கப் போனது?"

"அது கம்பெனில ஒருத்தன் போயிட்டு வந்து சொன்னான்."

ஒவ்வொன்றாக அவள் கேட்க, ஒவ்வொன்றாக அவன் ஒப்புக்கொண்டான். ஒரு வியாழன்கூட மிஞ்சவில்லை. நாத்தனார் தனலக்ஷ்மி, போன மாதம்தான் இதே வீட்டுக்கு வந்து இதே கூடத்தில் உட்கார்ந்து, "நீ நல்லாத்தான் வளக்கற சங்கமித்ரா" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போயிருந்தாள்.

"வாக்கு குடுத்தீங்க. ரெண்டு பேரும் பேசித்தான் எதுவும்னு. நீங்கதான் சொன்னீங்க, நான் கேக்கல."

"பேசினா நீ விடுவியா? அந்த ரிப்பன் கதைய எடுப்ப. நான் வாய மூடிக்குவேன். எத்தன வாட்டி ஆச்சு அது."

"கதையா அது?"

"கதைன்னு சொல்லல." மதி மற்ற ஷூவையும் கழற்றினான். "அந்த ஸ்கூல்ல இடது கையாலதான் எழுதறா. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நான் மொதல்ல அதான் பாத்தேன்."

"ஊரு முழுக்க என்னத் தனியா நிக்க வெச்சுச் சிரிச்சது. நீங்க ஒருத்தர் கூட இருக்கீங்கன்னு நெனச்சேன். நீங்களும் அந்தப் பக்கந்தான் நின்னுக்கினு இருந்திருக்கீங்க. என் புள்ளைக்கு எங்கிட்டயே பொய் சொல்லக் கத்துக்குடுத்தீங்க. இதுக்கு நீங்க நேரா சண்ட போட்டிருக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அதில் ஆறுதல் இல்லை. ஆனாலும் கையில் ஒரு துருப்புச் சீட்டு மிச்சமிருந்தது. பிள்ளை தன் பக்கம் என்பது அது. பெரியவர்கள் இழுத்துக்கொண்டு போனால் ஒன்பது வயது என்ன செய்யும்? மிரட்டி உட்கார வைத்திருப்பார்கள், பாவம். யசோவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நீயே அப்பாகிட்ட சொல்லும்மா. உனக்கு அங்க போகப் புடிக்கலன்னு சொல்லு. அம்மா பாத்துக்கறேன்."

மதி, "அவள விடு மித்ரா" என்றான்.

"நீங்க பேசாதீங்க. அவ சொல்லட்டும்."

"நான்தான் கேட்டேன்" என்றாள் யசோ.

"என்ன கேட்ட?"

"ஸ்கூலுக்குப் போணும்னு. அப்பா மொதல்ல முடியாதுன்னாரு. நான்தான் அழுதேன்." பிறகு, சொல்லுதலுக்குப் பழகிய பிள்ளை, தெளிவாகவே சொல்லிக்கொண்டு போனது. "அங்க பெல் அடிப்பாங்கம்மா. அடிச்சா பாடம் முடிஞ்சுடும். அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டிபன் சாப்பிடறப்போ சும்மா சாப்பிடலாம். பஸ்ல வர்றப்போ சும்மா வரலாம். இங்க முடியவே மாட்டேங்குது."

சங்கமித்ராவின் கை பிள்ளையின் தலையிலேயே இருந்தது. எடுப்பதா, வைத்திருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் மேல் இருந்த கோபத்துக்குக் கால் கை இருந்தது, அது போய் அவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டது. இதற்கு அப்படி எதுவும் இல்லை. இந்த இடது கைக்காகத்தானே வேலையை விட்டேன், என் அப்பா சாகும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாததைப் பொறுத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்டால் அதைவிட அசிங்கம் வேறில்லை. எல்லோரும் சேர்ந்து அவளை ஏமாற்றிவிட்டார்கள், அதில் பெற்ற பெண்தான் முதல் ஆள்.

"எங்கிட்ட ஏம்மா கேக்கல?"

"கேட்டா ஏன் புடிக்கலன்னு காரணம் சொல்லச் சொல்லுவ."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். மதி எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதைத் தரையில் வைத்துவிட்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தான்.

கடைசியில் அவள்தான் பேசினாள். "நாளைக்கு ஞாயித்துக் கெழம. கப்பன் பார்க் போலாம், மூணு பேரும்."

யசோ நிமிர்ந்தாள். "டேப் எடுத்துக்கணுமா?"

"வேணாம்."

"வந்து சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா போயிட்டு வரலாம். அம்மா ஒண்ணும் கேக்க மாட்டேன். நெஜமா."

பிள்ளை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, இவள் சொல்வதை நம்பலாமா என்று கேட்பதுபோல, எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் திரும்பியது.